வாழைக் கன்றுக்கும் பிசிஆர் பரிசோதனை: சுத்தமான நடவுச்செடித் திட்டத்தில் தாமிரபரணி வாழைக்கு என்ன இருக்கிறது?

ஏரல் பக்கம் வாழைக்கன்று வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். கன்று என்ன விலை, எந்தத் தோட்டத்துக் கன்று? இப்போது மூன்றாவதாக ஒன்றும் கேட்கிறார்கள்: "வைரஸ் டெஸ்ட் எடுத்ததா?" விற்பவரும் "எல்லாம் எடுத்தாச்சு அண்ணாச்சி" என்று ஒரு தாளை எடுத்துக் காட்டுகிறார். அந்தத் தாளில் எந்த வைரஸைத் தேடினார்கள், எத்தனை செடியில் தேடினார்கள் என்பது வாங்குபவருக்கும் தெரியாது, பல நேரம் விற்பவருக்கும் தெரியாது.

இந்தக் கேள்வி இந்தப் பகுதியில் வலுத்ததற்குக் காரணம் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை கடந்து, ஏரல் சில நாள் தனித்தீவாகக் கிடந்தது. வாழை மண்ணோடு சாய்ந்தது. சொந்தக் கிழங்கும் அழுகிப்போனதால், மறுநடவுக்கு வெளியூர்க் கன்றைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. அவசரத்தில் வாங்கும் கன்றில்தான் நோயும் கூடவே வரும். கன்று பார்க்கப் பச்சைப்பசேல் என்று இருக்கும். முடிக்கொத்து வைரஸ் உள்ளே போய் அறிகுறி வெளியே தெரிய ஒரு மாதம், சில சமயம் அதற்கு மேலும் ஆகிவிடும். அதற்குள் காசு கைமாறி, கன்று குழிக்குள் போயிருக்கும்.

இந்த இடத்தில்தான் மத்திய அரசின் திட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 9 அன்று மத்திய அமைச்சரவை 'சுத்தமான நடவுச்செடித் திட்டம்' ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்தது. மதிப்பீடு 1,765.67 கோடி ரூபாய். ஆசிய வளர்ச்சி வங்கியும் இதற்குக் கடன் தருகிறது. நாடு முழுவதும் ஒன்பது மையங்கள் அமைத்து, வைரஸ் இல்லாத தாய்ச்செடிகளை உருவாக்கி, அவற்றை நர்சரிகளுக்குக் கொடுப்பது நோக்கம். நல்ல திட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அறிவிப்பில் சொல்லப்பட்ட பட்டியலைப் பாருங்கள். திராட்சைக்குப் புனே, ஆரஞ்சு வகைக்கு நாக்பூர், பிகானீர், மாதுளைக்குச் சோலாப்பூர், ஆப்பிள், வாதுமைக்கு ஸ்ரீநகர், முக்தேஷ்வர், மா, கொய்யாவுக்குப் பெங்களூரு, லக்னோ, கிழக்கு மாநிலங்களில் வெப்பமண்டலப் பழங்களுக்கு ஒன்று. மகாராஷ்டிரத்துக்கு மட்டும் மூன்று. வாழைக்கென்று பெயர் சொல்லி ஒரு மையம் இல்லை, தமிழ்நாட்டிலும் ஒன்று இல்லை.

"வாழைக்குத்தான் ஏற்கெனவே சான்றிதழ் முறை இருக்கிறதே" என்று சொல்லலாம். உண்மைதான். திசு வளர்ப்புச் செடிகளுக்கான தேசியச் சான்றிதழ் முறை 2006-லேயே வந்துவிட்டது. மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை இதை நடத்துகிறது. திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம், வாழைக்கு வைரஸ் பரிசோதனை செய்யும் அங்கீகாரம் பெற்ற ஆய்வகங்களில் ஒன்று. ஆனால் இந்த முறை திசு வளர்ப்பு நாற்றுக்கு மட்டும்தான். ஏத்தன், சக்கை, நாட்டு வாழை, கோழிக்கூடு என்று நாம் நடுவதில் பெரும்பகுதி பக்கக்கன்றுதானே? அந்தக் கன்றுக்கு எந்தத் தாளும் கிடையாது. என் கணக்கில், திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

சரி, அந்தப் பரிசோதனையில் என்னதான் செய்கிறார்கள்? இது தெரிந்தால் தாளைப் படிக்கவும் தெரிந்துவிடும்.

எல்லா உயிருக்கும் உள்ளே ஒரு எழுத்து இருக்கிறது. அது எழுதப்பட்ட பொருள் டிஎன்ஏ. முறுக்கிவிட்ட நூலேணியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கக் கயிறும் சர்க்கரையும் பாஸ்பேட்டும் மாறி மாறிக் கோத்தவை. நாம் மூட்டையில் வாங்கிப் போடுகிற மணிச்சத்து செடிக்குள் போய்ச் சேரும் இடங்களில் இதுவும் ஒன்று. நடுவில் உள்ள படிகள் நான்கு வகை எழுத்துகளால் ஆனவை: ஏ, டி, ஜி, சி. ஒரு பக்கம் ஏ இருந்தால் எதிரே டி மட்டுமே பொருந்தும். ஜி இருந்தால் எதிரே சி. எனவே ஒரு பக்கக் கயிறு கையில் இருந்தால் போதும், மறுபக்கம் எப்படி இருக்கும் என்று எழுதிவிடலாம். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் இந்த வடிவத்தை வெளியிட்டார்கள். அதற்கு ஆதாரமான எக்ஸ்ரே படங்கள் ரோசலிண்ட் ஃபிராங்கிளின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்டவை.

ஆர்என்ஏ இதன் தம்பி மாதிரி. பெரும்பாலும் ஒற்றைக் கயிறுதான். டி-க்குப் பதில் யு என்ற எழுத்து வரும். அதன் சர்க்கரையில் ஒரு ஆக்சிஜன் கூடுதல். இந்த ஒரு ஆக்சிஜன்தான் அதைச் சீக்கிரம் உடைந்துபோகச் செய்கிறது. டிஎன்ஏவைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருக்கும் மூலப்பத்திரம் என்றால், ஆர்என்ஏ அன்றைய தேவைக்கு எடுத்த நகல். வேலை முடிந்ததும் கிழிந்துவிடும்.

வைரஸ்களில் சிலவற்றுக்கு டிஎன்ஏ, சிலவற்றுக்கு ஆர்என்ஏ. நம் வாழையில் இரண்டும் உண்டு. முடிக்கொத்து நோய் வைரஸுக்கு டிஎன்ஏ. ஒற்றைக் கயிறாக ஆறு சிறு வளையங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் ஆயிரத்து நூறு எழுத்து. எல்லாம் சேர்த்தும் ஏழாயிரத்தைத் தொடாது. 2012-ல் வரிசைப்படுத்தி வெளியிட்ட வாழை மரபுத்தொகுதியில் 52 கோடி எழுத்துகள் இருந்தன. ஏழாயிரம் எழுத்துக்கும் குறைவான ஒன்று, 52 கோடி எழுத்துள்ள ஒரு மரத்தைத் தார் போடவிடாமல் முடக்கிவிடுகிறது. ஏத்தனில் வரும் கொக்கான் நோய், அதாவது தண்டில் செந்நிறக் கீற்றும் பூமடலில் தேமலும் காட்டும் நோய், ஆர்என்ஏ வைரஸால் வருவது. வெள்ளரித் தேமல் வைரஸும் ஆர்என்ஏதான். பூவனில் அதிகம் பார்க்கும் கீற்று வைரஸ் இரட்டைக் கயிறு டிஎன்ஏ.

பரிசோதனைக்கு இலையை நொறுக்கி, சோப்பு போன்ற ஒரு கரைசலில் சூடாக்கி, செல்லை உடைத்து டிஎன்ஏவைப் பிரிப்பார்கள். அதில் கோடிக்கணக்கில் வாழையின் எழுத்து, அதற்கு நடுவே எங்கோ கொஞ்சம் வைரஸ் எழுத்து. வைக்கோற்போரில் ஊசி தேடுவது போன்றது. பிசிஆர் இயந்திரம் அந்த ஊசியைத் தேடாது, ஊசியைப் பெருக்கிவிடும். 95 டிகிரிக்குச் சூடாக்கினால் ஏணியின் இரண்டு பக்கமும் பிரியும். சூட்டைக் குறைத்ததும், வைரஸில் மட்டும் பொருந்துமாறு தயாரித்த இருபது எழுத்துத் துண்டு போய் ஒட்டும். 72 டிகிரியில் ஒரு நொதி அந்த இடத்திலிருந்து மறுபக்கத்தை எழுதி முடிக்கும். ஒன்று இரண்டாகும். இப்படி 30 சுற்று ஓடினால், கணக்குப்படி ஒரு துண்டு நூறு கோடிக்கு மேல் ஆகிவிடும். வைரஸ் இல்லாவிட்டால் ஒட்ட இடமில்லை, பெருக்கமும் இல்லை. பிறகு ஒரு களிப்பலகையில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால், எதிர்மின் தன்மையுள்ள டிஎன்ஏ துண்டுகள் நேர்மின் முனையை நோக்கி ஓடும். சின்னது முன்னால் ஓடும், பெரியது பின்தங்கும். எதிர்பார்த்த இடத்தில் கோடு தெரிந்தால் 'பாசிட்டிவ்'.

ஆர்என்ஏ வைரஸுக்கு முதலில் ஆர்என்ஏவை டிஎன்ஏவாகத் திருப்பி எழுத வேண்டும். அதுதான் ஆர்டி-பிசிஆர். கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே பரிசோதனை. கொரோனாவும் ஆர்என்ஏ வைரஸ்தான். ஆகவே உங்கள் தாளில் வெறும் 'பிசிஆர்' என்று மட்டும் இருந்தால், முடிக்கொத்துக்குப் பார்த்திருக்கலாம், கொக்கானுக்குப் பார்த்திருக்க மாட்டார்கள். வைரஸின் பெயரும் முறையின் பெயரும் தனித்தனியே இருக்கிறதா என்று பாருங்கள். 'எலிசா' என்று இருந்தால் அது வைரஸின் புரத உறையைத் தேடும் வேறு முறை. அதுவும் செல்லும். ஆனால் வைரஸ் மிகக் குறைவாக இருக்கும் கன்றில் பிசிஆர் அளவுக்குப் பிடிக்காது.

பூவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கீற்று வைரஸின் எழுத்து, சில வாழை ரகங்களில் மரத்தின் சொந்த டிஎன்ஏவுக்குள்ளேயே செருகி இருக்கிறது. 'பால்பிசியானா' என்ற காட்டு வாழையிலிருந்து வந்த பங்குடன் வந்த சீதனம் அது. வெப்பம், திசு வளர்ப்பு போன்ற நெருக்கடியில் அது உயிர்பெற்று நோயாக மாறுவதும் உண்டு, மாறாமல் சும்மா கிடப்பதும் உண்டு. சாதாரண பிசிஆர் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காது. எனவே கீற்று வைரஸுக்குப் பாசிட்டிவ் வந்தது என்பதற்காக உடனே அரிவாளை எடுக்க வேண்டாம். வைரஸ் துகளையே தனியாகப் பிடித்துச் சோதித்தார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 2025 மே 4 அன்று கமலா, பூசா டிஎஸ்டி 1 என்ற இரண்டு மரபணுத் திருத்த நெல் ரகங்கள் அறிவிக்கப்பட்ட பிறகு, "டிஎன்ஏ டெஸ்ட் பண்ணின கன்று என்றால் அதுவும் மரபணு மாற்றின கன்றா?" என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். இல்லை. அந்த நெல்லில் எழுத்தைத் திருத்தினார்கள். இங்கே படித்துப் பார்ப்பதோடு சரி. ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்த ஆள் மாறிவிடுவதில்லையே.

அடுத்தது எண்ணிக்கை. சென்ற ஆண்டு ஒரு விவசாயி என்னிடம் கொண்டுவந்த தாளில் எல்லாம் 'நெகட்டிவ்'. ஆனால் அவர் நட்ட வயலில் ஆங்காங்கே முடிக்கொத்து. இலை நடுநரம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தெளிவாகவே தெரிந்தது. தாள் பொய் இல்லை. ஆயிரம் கன்றுக்குப் பத்து இலைதான் சோதித்திருந்தார்கள். நூற்றுக்கு ஐந்து கன்றில் நோய் இருக்கிறது என்று வையுங்கள். பத்துக் கன்றை மட்டும் எடுத்தால், பத்துமே நல்ல கன்றாக அமைந்துவிட 60 சதவீதம் வாய்ப்பு உண்டு. இருபது எடுத்தாலும் 36 சதவீதம். அறுபது எடுத்தால்தான் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கும். அறுபது கன்றுக்குத் தனித்தனியே பரிசோதனைக் கட்டணம் கட்டுவது நம் சக்திக்கு ஆகுமா?

அதனால் கன்றைச் சோதிப்பதைவிடத் தாயைச் சோதிப்பதே கட்டுப்படியாகும். முடிக்கொத்து உள்ள தாய்க்கட்டையின் கன்றை எவ்வளவு தேர்ந்தெடுத்து நட்டாலும் பயனில்லை, வைரஸ் கிழங்கு வழியாகவே வரும். தாய் சுத்தமாக இருந்து, அசுவினியும் அண்டாமல் இருந்தால் கன்று சுத்தம். திசு வளர்ப்பு முறையிலும் முதலில் தாயைத்தான் சோதிக்கிறார்கள். இதையே பக்கக்கன்றுக்கும் கொண்டுவரலாம். ஒரு உழவர் உற்பத்தியாளர் குழு, ஏத்தனில் இருபது, சக்கையில் இருபது என்று நல்ல தார் போட்ட மரங்களைக் குறித்து, சோதித்து, மற்ற வாழையிலிருந்து தள்ளி ஒரு தாய்த் தோட்டம் போடட்டும். சுத்தமான நடவுச்செடித் திட்டத்தில் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: திருச்சி மையத்தை வைத்து வாழைக்கு ஒரு பிரிவு, அதில் நம் உள்ளூர் ரகங்களின் பக்கக்கன்றுக்கும் சான்று. கிராம சபையிலும் மாவட்ட ஆட்சியர் நடத்தும் குறைதீர் நாள் கூட்டத்திலும் மனுவாகக் கொடுங்கள். விருப்பாச்சி மலைவாழை முடிக்கொத்தால் எவ்வளவு சுருங்கிப்போனது என்பதைப் பழனி கீழ்மலைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே வந்த பிறகு விழித்தார்கள்.

சான்று பெற்ற கன்றுக்கும் ஆயுள் காப்பீடு கிடையாது. ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால், தென்கால் நெடுக வாழை தொடர்ச்சியாக நிற்கிறது. பக்கத்து வயலில் ஒரு நோய்க்கட்டை நின்றால், கறுப்பு அசுவினி அதிலிருந்து உங்கள் சுத்தமான கன்றுக்கு வந்துவிடும். அப்படி ஒன்றைப் பார்த்தால், முதலில் அசுவினிக்கு மருந்தடித்துவிட்டு, பிறகு கிழங்கோடு தோண்டி அழியுங்கள். மருந்தடிக்காமல் வெட்டினால் அசுவினி அடுத்த மரத்துக்கு ஏறிக்கொள்ளும். மருந்து எது, அளவு எவ்வளவு என்பதை உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பனாமா வாடல் வேறு கதை. அது வைரஸ் அல்ல, மண்ணில் இருக்கும் பூஞ்சை. வைரஸ் இல்லை என்ற தாள் அதற்குச் செல்லாது.

மாதிரி அனுப்ப நினைப்பவர்களுக்கு: முதலில் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியையோ உங்கள் வேளாண் அறிவியல் நிலையத்தையோ தொடர்புகொண்டு, எந்த ஆய்வகம், என்ன கட்டணம், எந்த நாளில் மாதிரி வாங்குவார்கள் என்று கேளுங்கள். மரத்துக்குப் பெயிண்டில் எண் போடுங்கள், அதே எண்ணை மாதிரியிலும் எழுதுங்கள். கடைசியாக விரிந்த இளம் இலையிலிருந்து நடுநரம்போடு ஒரு துண்டு போதும். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தியைத் துடைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு மரத்துச் சாறு அடுத்த மாதிரியில் போய் ஒட்டி முடிவையே மாற்றிவிடும். செய்தித்தாளில் சுற்றி, பிறகு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். ஈரத்தோடு நேராகப் பிளாஸ்டிக்கில் போட்டால் வழியிலேயே அழுகிவிடும். கொக்கானுக்கு என்றால் ஐஸ் பெட்டி கட்டாயம், அன்றோ மறுநாளோ போய்ச் சேர வேண்டும். ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதி நம் கை வியர்வையிலேயே இருக்கிறது. வெயிலில் இரண்டு நாள் பஸ்ஸில் போன இலையில் 'நெகட்டிவ்' என்று வந்தால், வைரஸ் இல்லாமல் வந்ததா, ஆர்என்ஏ சிதைந்து வந்ததா என்று சொல்ல முடியாது.