பிரயாணிகளின் கவலை யாரால் வந்தது?

விமானம் புறப்படுமா, புறப்படாதா?

2025 ஆகஸ்ட் மாதத்து இரண்டாவது வாரத்தில் கனடா நாட்டில் இலட்சக்கணக்கான ஜனங்கள் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. கோடை விடுமுறைக் காலம். கல்யாணத்துக்குப் போகிறவர், படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்க்கப் போகிறவர், ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் டிக்கெட் வாங்கிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டவர் என்று எல்லோருக்கும் ஒரே கவலை. டொரொன்டோவில் ஈழத் தமிழர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஆகவே இந்தச் செய்தியை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் கவலையோடு படித்தவர்களும் இருந்திருப்பார்கள்.

அந்நாட்டின் மிகப் பெரிய விமானக் கம்பெனி ஏர் கனடா. அதில் விமானத்துக்குள் பிரயாணிகளைக் கவனிக்கும் சிப்பந்திகள் 10,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் பெண்கள். கனடா பொது ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். வேலைநிறுத்தம் செய்யலாமா என்று கேட்டபோது 99.7 சதவீதம் பேர் “செய்வோம்” என்று வாக்களித்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று 72 மணி நேர நோட்டீஸ் கொடுத்தார்கள். கம்பெனி சும்மா இருந்ததா? பதிலுக்குக் கதவடைப்பு நோட்டீஸ் கொடுத்தது! மறுநாளே, இன்னும் ஒரு தொழிலாளிகூட வேலையை விட்டு இறங்காத நேரத்திலேயே, விமானங்களை ரத்து செய்யத் தொடங்கியது.

நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 விமானங்கள், 1,30,000 பிரயாணிகள். இது கம்பெனி சொன்ன கணக்கு. வெளிநாடுகளில் மட்டும் தினமும் 25,000 கனடியர்கள் சிக்கிக்கொள்ளக் கூடும் என்றும் அது சொல்லிற்று. இந்தக் கணக்குகளைத் தினம் தினம் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். “பிரயாணிகள் செய்த பாவம் என்ன?” என்று கேட்டார்கள்.

நல்ல கேள்விதான். நாமும் அதையே கேட்கிறோம். பிரயாணியின் கவலை பொய்க் கவலை என்று நாம் கூறமாட்டோம். டிக்கெட் வாங்கியவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போல உழைத்துச் சாப்பிடுகிறவர்கள். அவர்களுடைய கஷ்டத்தைத் துச்சமாக எண்ணும் தொழிற்சங்கம் உருப்படாது. ஆனால் கேள்வி கேட்கிறவர்கள் பதிலைத் தேடவேண்டிய இடத்தில் தேட வேண்டாமா? சிப்பந்திகள் எதற்காக இறங்கினார்கள் என்று பார்ப்போம்.

தோழர்களே, ஒரு பஸ் கண்டக்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் டெப்போவுக்கு வருகிறார். பையையும் டிக்கெட்டுகளையும் வாங்கிக் கணக்குப் பார்க்கிறார். பஸ் ஸ்டாண்டில் நின்று ஆட்களை ஏற்றுகிறார். கிழவியின் மூட்டையைத் தூக்கி வைக்கிறார். அதற்கெல்லாம் சம்பளம் கிடையாது, பஸ் சக்கரம் உருளத் தொடங்கிய நிமிஷத்திலிருந்துதான் சம்பளம், இடையில் பஸ் பழுதாகி ஒரு மணி நேரம் நின்றுவிட்டால் அந்த நேரத்துக்கும் காசு இல்லை என்று ஒரு முதலாளி சொன்னால் கண்டக்டர் என்ன சொல்லுவார்? அவர் சொல்லுவதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது!

ஏர் கனடாவின் விமானச் சிப்பந்திகளின் சம்பள முறை ஏறக்குறைய இதுவாகத்தான் இருந்தது. விமானம் தன் நிலையை விட்டு நகர்ந்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்து நிற்கும் கணம் வரைக்குமே மணிக்கூலி. அதற்கு முன்னால் பாதுகாப்புச் சாதனங்களைச் சோதிப்பது, முந்நூறு பேரை வரிசையாக ஏற்றி உட்காரவைப்பது, பெட்டிகளை மேலே அடுக்குவது, அழுகிற குழந்தையைச் சமாதானப்படுத்துவது, புறப்பாடு தாமதமானால் கோபத்தில் கத்துகிறவர்களின் வசவை வாங்கிக்கொள்வது எல்லாம் இலவச சேவையாக இருந்தது! இப்படி மாதத்துக்குச் சராசரி 35 மணி நேரம் கூலியின்றி உழைக்கிறோம் என்றது சங்கம். முழு நேரம் வேலை செய்யும் புதிய சிப்பந்திக்கு, வரி பிடிப்பதற்கு முன்னால், மாதம் 2,000 டாலர்கூடத் தேறவில்லை என்றும் சொன்னது. டொரொன்டோவிலும் வான்கூவரிலும் வீட்டு வாடகை என்ன என்று அறிந்தவர்களுக்கு இந்தத் தொகையின் இலட்சணம் புரியும்.

இது ஏர் கனடா மட்டும் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிடக் கூடாது. உலகத்து விமானக் கம்பெனிகள் பலவற்றில் இதுதான் பழக்கம். ஆனால் பழக்கம் உடையத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் டெல்ட்டா கம்பெனி 2022இல், ஆட்களை ஏற்றும் நேரத்துக்கும் பாதிக் கூலி என்று கொடுக்கத் தொடங்கியது. 2024இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் சிப்பந்திகளும் தங்கள் ஒப்பந்தத்தில் அதைப் பெற்றார்கள். ஏர் கனடாவில் 2015இல் போட்ட பத்து வருஷ ஒப்பந்தம் 2025 மார்ச் இறுதியில் முடிந்தது. பத்து வருஷம் காத்திருந்தவர்கள் 2025இல் கேட்டார்கள். இதில் என்ன அடாத செயல்?

கம்பெனி என்ன சொல்லிற்று? நான்கு ஆண்டுகளில் மொத்த வருமானத்தில் 38 சதவீத உயர்வு தருகிறோம், முதல் ஆண்டிலேயே 25 சதவீதம், மூத்த சிப்பந்திகள் 2027இல் சராசரி 87,000 டாலர் பெறுவார்கள் என்றது. கேட்பதற்குப் பிரமாதமான கணக்கு. ஆனால் அந்த 38இல் கூலி எவ்வளவு, மற்றச் சலுகைகள் எவ்வளவு? ஆரம்பத்தில் இருப்பவர்களின் கதி என்ன? முதல் ஆண்டு உயர்வு உண்மையில் 8 சதவீதந்தான், விலைவாசி அதை என்றோ விழுங்கிவிட்டது என்று சங்கம் பதில் சொல்லிற்று. மூத்தவரின் சம்பளத்தைக் காட்டி இளையவரின் வயிற்றை மறைப்பது எல்லா நாட்டு நிர்வாகங்களுக்கும் கைவந்த கலை.

இவ்வளவும் தொழிலாளிக்கும் கம்பெனிக்கும் உள்ள தகராறு. மேஜையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கக்கூடியது. ஏன் தீரவில்லை? இங்கேதான் சர்க்கார் வருகிறது.

கனடா தொழிலாளர் சட்டத்தில் 107ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 1984இல் சேர்த்தார்கள். தொழில் அமைதிக்காக, தகராறைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு விடும்படி மந்திரி தொழில் உறவு வாரியத்துக்கு உத்தரவிடலாம் என்று அதற்குப் பொருள் சொல்லுகிறார்கள். முன்பெல்லாம் ஒரு வேலைநிறுத்தத்தைத் தடுக்க வேண்டுமானால் பார்லிமெண்டைக் கூட்டி, மசோதா கொண்டுவந்து, விவாதித்து, ஓட்டெடுத்துச் சட்டம் செய்ய வேண்டும். யார் தொழிலாளிக்கு எதிராகக் கை தூக்கினார் என்பது நாட்டுக்குத் தெரியும். இப்போது மந்திரி ஒரு கடிதம் எழுதினால் போதும்! 2024இல் ரயில்வேயில் இதைப் பயன்படுத்தினார்கள், பிறகு துறைமுகங்களில், பிறகு தபாலில். பிறகு ஏர் கனடாவில்.

கம்பெனி இதை அறியாதா? நன்றாக அறியும். வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு முன்பே, நடுவர் தீர்ப்புக்கு விடுங்கள் என்று சர்க்காரைக் கேட்டது. ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, நள்ளிரவு தாண்டி ஒரு மணி சுமாருக்கு வேலைநிறுத்தம் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரம் ஆகவில்லை. தொழில் மந்திரி பாட்டி ஹைடு 107ஐ எடுத்துவிட்டார். பொழுது விடிந்து மதியத்துக்குள் மந்திரி வந்து காப்பாற்றுவார் என்று தெரிந்த நிர்வாகம் மேஜையில் எதற்கு இறங்கி வரவேண்டும்? பேரம் பேசும் அவசியமே அதற்கு இல்லாமல் போய்விட்டது. பிரயாணியின் கண்ணீரைக் கணக்கெடுத்துக் காட்டினால் சர்க்கார் ஓடிவரும் என்பது அதற்குத் தெரியும். ஆகவேதான் கூறுகிறோம்: விமான நிலையத்தில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தவரைக் கம்பெனி தன் பேரத்துக்குப் பணயமாக வைத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதே சர்க்கார்தான், வேலைநிறுத்தக் காலத்தில் கருங்காலிகளைக் கொண்டுவருவதைத் தடுக்கும் சட்டத்தை 2024இல் நிறைவேற்றி, 2025 ஜூன் 20 முதல் அமுலுக்குக் கொண்டுவந்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முன்வாசலில் கருங்காலிக்குத் தடை. பின்வாசலில் வேலைநிறுத்தத்துக்கே தடை! வேலைநிறுத்த உரிமைக்கு அரசியல் சாசனத்தின் பாதுகாப்பு உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்புக் கூறியிருக்கிறது. அந்த உரிமையைப் பன்னிரண்டு மணி நேரம்கூடச் செலுத்த முடியாது என்றால் அது என்ன உரிமை?

நம் நாட்டுத் தொழிலாளிக்கு இது புதுக்கதை இல்லை. தகராறைத் தீர்ப்பாயத்துக்கு விட்டுவிட்டு வேலைநிறுத்தத்தைத் தடை செய்யும் அதிகாரம் 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் 10ஆம் பிரிவிலேயே சர்க்காருக்கு இருந்தது. 2003இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் எஸ்மா சட்டத்தினால் ஒரே மூச்சில் வேலையிழந்ததைக் கண்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். பாஷை வேறு, நாடு வேறு. கடிதத்தின் வாசகம் மாத்திரம் ஒன்றுபோல இருக்கிறது.

இனி நடந்ததைச் சொல்லுவோம். ஞாயிறு பிற்பகல் 2 மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று வாரியம் உத்தரவிட்டது. அந்த வாரியத்தின் தலைவர் முன்பு ஏர் கனடாவிலேயே வழக்கறிஞராக வேலை பார்த்தவர். அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று சங்கம் ஆட்சேபித்தது, அவர் ஒதுங்கவில்லை. 2 மணி அடித்தது. ஒருவரும் திரும்பவில்லை! சங்கத்தின் தேசியத் தலைவர் மார்க் ஹான்காக், டொரொன்டோ விமான நிலையத்தின் எதிரே உத்தரவின் நகலைக் கிழித்துப் போட்டார். சிறைக்குப் போகவும் தயார் என்றார். அன்று மாலை விமானம் விடுவதாகச் சொல்லியிருந்த கம்பெனி, விட முடியாமல் நாளைக்கு என்றது. திங்களன்று வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று வாரியம் அறிவித்தது. அப்போதும் திரும்பவில்லை.

அன்று இரவு என்ன நடந்தது தெரியுமா? இத்தனை நாள் மேஜைக்கு வராத கம்பெனி வந்து உட்கார்ந்தது. மத்தியஸ்தர் வில்லியம் கப்ளான் முன்னிலையில் பேசினார்கள். செவ்வாய் விடிவதற்குள் ஒப்பந்தம்! பல மாதம் முடியாது என்று சொல்லப்பட்டது ஓரிரவில் முடிந்தது. சிறிய விமானங்களில் 60 நிமிஷத்துக்கும், பெரிய விமானங்களில் 70 நிமிஷத்துக்கும் தரைவேலைக் கூலி, மணிக்கூலியில் பாதி, ஆண்டுதோறும் 5 சதவீதம் கூடும். அன்று மாலையே விமானங்கள் பறக்கத் தொடங்கின, சேவை முழுவதும் சீராக மேலும் பல நாட்கள் பிடித்தன என்றாலும்.

உத்தரவை மீறியது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. சங்கங்கள் விளையாட்டாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. அபராதமும் சிறையும் சங்க நிதியின் நாசமும் எதிரே நிற்கும். பதினாயிரம் பேரும் ஒரே மனதாக இருந்திராவிட்டால் இரண்டாம் நாளே சிதறியிருப்பார்கள். ஆனால் அவர்கள் மீறாமல் ஞாயிறன்று பணிந்து திரும்பியிருந்தால் இந்த 60 நிமிஷம் கிடைத்திருக்குமா? நமக்கு அந்த நம்பிக்கை இல்லை. தரைவேலைக்கு முதன்முதலாகக் கூலி என்ற தத்துவத்தை, வழக்கத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் நடுவர் ஒருவர் தானாகத் தூக்கிக் கொடுப்பது அரிது.

இதை முழு வெற்றி என்று கொண்டாடவும் நாம் தயாராக இல்லை. பாதிக் கூலி என்றால் மீதிப் பாதி யார் பையில்? 60 நிமிஷத்துக்கு மேல் தாமதமானால்? சிப்பந்திகளே அதை மறக்கவில்லை. புதியவர்களுக்கு முதல் ஆண்டில் 12 சதவீதம், மற்றவர்களுக்கு 8 சதவீதம் என்று வந்த ஊதியப் பகுதியைச் செப்டம்பர் 6 அன்று முடிந்த ஓட்டெடுப்பில் 99.1 சதவீதம் பேர் வேண்டாம் என்று தள்ளினார்கள். தலைவர்கள் கையெழுத்திட்டு வந்ததையும் எடைபோட்டுப் பார்க்கிற தொழிலாளர்கள் அவர்கள். ஆனால் ஊதியப் பகுதி நிராகரிக்கப்பட்டால் மத்தியஸ்தம், அதற்கும் மேல் நடுவர் தீர்ப்பு, மறுபடி வேலைநிறுத்தம் கிடையாது என்று முன்பே ஒப்புக்கொண்டாயிற்று. ஓட்டின் வலிமை அங்கே முடங்கிப் போயிற்று. இந்த இடத்தில் சங்கத் தலைமை மூன்று நாள் உறுதியை ஓரிரவு அவசரத்தில் சற்றுக் குறைத்து விற்றுவிட்டது என்றே எண்ணுகிறோம்.

பிரயாணிகளுக்கு வருவோம். கனடாவின் விமானப் பிரயாணிகள் பாதுகாப்பு விதிகளில், கம்பெனிக்குள்ளேயே வரும் தொழில் தகராறைக் கம்பெனியின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். புயலும் பனியும்போல! ஆகவே வேறு விமானத்தில் இடம் பார்த்துத் தரவேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். நஷ்ட ஈடு கேட்க முடியாது. சிப்பந்திக்கு என்ன கூலி என்று தீர்மானிப்பது கம்பெனி. கதவடைப்பு நோட்டீஸ் கொடுப்பது கம்பெனி. விமானத்தை ரத்து செய்வது கம்பெனி. ஆனால் விளைவு மட்டும் இயற்கையின் சீற்றம்! எதிர்ப்பு எழுந்தபின், மாற்றுப் பிரயாணத்துக்கு ஆன செலவை ஈடுசெய்கிறோம் என்று ஏர் கனடா அறிவித்தது. விதி மட்டும் அப்படியே இருந்தது. பிரயாணிகளுக்காக உருகிய சர்க்கார் 107ஐ எடுத்த வேகத்தில் பாதி வேகத்தோடு இந்த விதியைத் திருத்த முனைந்திருக்கலாமே!

ஏர் கனடா ஒரு காலத்தில் சர்க்கார் ஸ்தாபனம். 1988-89இல் பங்குகளைத் தனியாருக்கு விற்றார்கள். 2021இல் கொரோனா நஷ்டம் வந்தபோது அதே கம்பெனிக்குச் சர்க்கார் கஜானாவிலிருந்து கடனும் பங்கு முதலீடுமாக 590 கோடி டாலர் வரை ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பணத்தில் பிரயாணியின் வரியும் உண்டு, சிப்பந்தியின் வரியும் உண்டு. அதற்கு எந்த 107ஆம் பிரிவும் தேவைப்படவில்லை.

வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, விமானத் துறையில் கூலியில்லா வேலை நடக்கிறதா என்று விசாரிக்கப் போவதாக மந்திரி அறிவித்தார். பத்து வருஷம் கண்ணில் படாதது மூன்று நாளில் பட்டுவிட்டது. 107ஆம் பிரிவு செல்லுமா என்று ரயில்வேத் தொழிலாளர் சங்கம் நீதிமன்றப் படி ஏறியிருக்கிறது. அடுத்த விடுமுறைக் காலத்தில் எந்தக் கம்பெனியாவது “பிரயாணிகள் செய்த பாவம் என்ன?” என்று கேட்டால், உன் ஊழியருக்குக் கதவு மூடும் முன்னால் செய்யும் வேலைக்குக் கூலி கொடுத்தாயா என்று டிக்கெட் வாங்கியவரே திருப்பிக் கேட்கலாம்.