மீதி ஐந்து பேர்
நம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் நாள் பாடத்திட்டத்தில் கடைசிக் கட்டம் ‘சிந்தனை மீட்சி’. ‘30 மாணவர்களில் 25 பேர் திறனை அடைந்தனர். மற்றவர்களுக்குக் குறைநீக்கல் நடவடிக்கை வழங்கப்படும்’ என்று எழுதினால் கட்டம் நிறைந்துவிடும். ஆனால், பாடத்தை அசைபோட வேண்டிய இடம் அந்த மீதி ஐந்து பேரிடம்தான் இருக்கிறது என்பேன்.

ஒரு கழித்தல் கணக்கைப் பாருங்கள். 402-இல் 178 போனால் 224. ஒரு மாணவன் 376 என்று எழுதுகிறான். ‘கவனக்குறைவு’ என்று சொல்லிவிடலாம். ஆனால், அவன் ஒவ்வோர் இடமதிப்பிலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறான்: 8-இல் 2, 7-இல் 0, 4-இல் 1. கவனமாகத்தான் செய்திருக்கிறான், பிடித்துக்கொண்ட விதிதான் தவறு. இதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுத்தால் அந்தத் தவறுதான் பழகிப்போகும். அவனுக்குத் தேவை கூடுதல் பயிற்சியல்ல. பத்துக் குச்சிகளைக் கட்டாகக் கட்டி, அவிழ்த்துக் காட்டும் வேறொரு பாடம்.

ஆசிரியர்களே, அந்தக் கட்டத்தில் எண்ணிக்கையோடு இன்னும் மூன்றை எழுதுங்கள்: ஒரு பெயர், ஒரு காரணம், நாளைக்கு ஒரு மாற்றம். மறுநாள் பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும்.

பெற்றோர்களே, ‘எத்தனை புள்ளி?’ என்று கேட்கும் முன், ‘இந்தக் கணக்கை எப்படிச் செய்தாய், சொல்லு’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் பதிலில் காரணம் தெரிந்துவிடும்.