காரைத் தட்டிப் பாருங்கள்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகர் நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அதில் மூன்றே முக்கால் பக்கம் அவருடைய தகப்பனாரைப் பற்றியது. 1966-ல் தகப்பனார் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமைதோறும் கட்டுச்சாத மூட்டையும் குழந்தைகளுமாக முக்கொம்புக்குப் புறப்பட்டு விடுவார்களாம். 1974-ல் மூத்த பெண்ணின் கல்யாணத்துக்காக அந்தக் கார் விலை போயிற்று. கார் தெருமுனை திரும்புகிற வரையில் தகப்பனார் வாசலில் நின்றார். அதற்கப்புறம் ஆயுள் உள்ளவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தகப்பனார் இப்போது இல்லை. தாயாருக்கு வயது எண்பத்தாறு. வாசகரும் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். சென்னையில் ஒரு ஹெரால்டு விலைக்கு வந்திருக்கிறது.

"அம்மாவை ஒரு தடவையாவது அதில் முக்கொம்புக்கு அழைத்துப் போக வேண்டும். நாலு லட்சம் சொல்கிறார்கள். ஓய்வு பெற்றபோது கிடைத்த பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கார் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. வாங்கலாமா?" - கடைசிக் கால் பக்கம் இவ்வளவுதான்.

ஐயா, உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை கொடுத்தது அந்த மின்னல்தான்! அறுபது வயதை எட்டும் கார் கண்ணாடி மாதிரி மின்னுகிறதென்றால், சமீபத்தில் யாரோ அதற்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சட்டை நல்ல சட்டையாகவே இருக்கலாம். உள்ளே இருக்கிற உடம்பைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. எஞ்சின் கெட்டிருந்தால் பிரித்துப் பூட்டிவிடலாம். துரு ஏறிய உடம்பைச் செப்பனிடுவதற்கு ஆகும் செலவு மட்டும் எங்கே போய் நிற்கும் என்று எந்த மெக்கானிக்கும் முன்கூட்டிச் சொல்லமாட்டான். பழைய கார் வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தகரத்தைத்தான். எஞ்சின் அப்புறம்.

இரும்பும் ஈரமும் காற்றும் ஒன்று சேர்ந்தால் துரு. கூட உப்பும் சேர்ந்துவிட்டால் அதன் வேகத்தைக் கேட்கவே வேண்டாம். பெஸன்ட் நகரிலும் சாந்தோமிலும் வீட்டு ஜன்னல் கம்பி என்ன பாடு படுகிறதென்று அங்கே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். காருக்கும் அதே கடற்காற்றுத்தானே? ஆகையால் முதலில் ஆர்.ஸி. புத்தகத்தில் பழைய சொந்தக்காரர்களின் விலாசத்தைப் பாருங்கள். கோயமுத்தூரில் கூரைக்கடியில் நின்ற வண்டி ஒரு ஜாதி. கடற்கரை ஓரத்தில் வேப்பமரத்தடியில் நின்ற வண்டி வேறு ஜாதி. மரத்தடி நிழலில் நின்றதென்று பெருமையாகச் சொல்வார்கள். அந்த வேப்பம்பூவும் சருகும் உதிர்ந்து, மழைத் தண்ணீர் வடிவதற்காகக் கதவின் அடியில் விட்டிருக்கும் சின்னத் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. துரு இப்படித்தான் உள்ளிருந்து வெளியே வருகிறது. துருவாக மாறிய இரும்பு பல மடங்கு பருத்துப் பெயிண்டை மேலே தூக்கும். கதவின் கீழ் ஓரத்தில் மிளகுப் பிரமாணம் ஒரு கொப்புளம் தெரிந்தால், அதற்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தகரம் அரித்திருக்கக் கூடும்.

இனி, எந்தக் கார் என்பதைப் பொறுத்துப் பார்க்கும் இடமும் மாறும். அம்பாஸடருக்கும் பத்மினி என்று பெயர் மாறிய பழைய ஃபியட்டுக்கும் தனியாகச் சட்டம் கிடையாது. உடம்பேதான் சட்டம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிறதே, நம் மெக்கானிக்குகள் ரன்னிங் போர்டு என்பார்கள், அந்தப் பகுதியும் தரைத் தகடும்தான் வண்டியின் முதுகெலும்பு. அங்கே ஓட்டை விழுந்தால் அழகு போவதோடு நிற்காது, பலமும் போய்விடும்.

ஹெரால்டின் சங்கதி வேறு. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் கம்பெனி இதை வெளியிட்ட காலத்தில், மற்றவர்களெல்லாம் சட்டமில்லாத காருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். கம்பெனிக்கு உடம்பு தயாரித்துக் கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடம்பாகச் செய்து கொடுக்க ஆளில்லை. ஆகவே தனிச் சட்டம் ஒன்று போட்டு, உடம்பைத் துண்டு துண்டாகப் பல இடங்களில் செய்வித்து, போல்ட்டு போட்டு முடுக்கிவிட்டார்கள்! இத்தாலியரான மிக்கேலோட்டி அதற்கு உருவம் வரைந்தார். அந்தக் காரைத்தான் 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரித்தார்கள். வேறு வழியில்லாமல் செய்த காரியம் இன்று உங்களுக்கு ஒரு சௌகரியம். ஹெரால்டின் ரன்னிங் போர்டு துருப்பிடித்திருந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். அதற்காகப் பயப்பட வேண்டாம். அதன் உயிர் அடியிலே இருக்கும் சட்டத்தில்தான் இருக்கிறது. அதைத்தான் விற்பவர் காட்டமாட்டார்.

போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம், ஒரு டார்ச்சு, ஒரு பழைய துணி, ஒரு திருப்புளி எடுத்துக்கொள்ளுங்கள். காந்தம் பலவீனமானதாக இருக்கட்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைப்பது போதும். பலமான காந்தம் பட்டியைத் தாண்டியும் இரும்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நல்ல தகரம்தான் என்று பொய்ச் சாட்சி சொல்லிவிடும். பெயிண்டில் கீறல் விழாமல் துணியைச் சுற்றிக்கொண்டு, சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் வளைவு, கதவின் கீழ்விளிம்பு, முன் கண்ணாடியின் ரப்பர் பீடிங் ஓரம், டிக்கியின் விளிம்பு ஆகிய இடங்களில் மெதுவாக நகர்த்துங்கள். காந்தம் பிடியை விடுகிற இடத்தில் தகரத்துக்குப் பதில் பட்டியோ ஃபைபரோ இருக்கிறது. அங்கே விரல் முட்டியால் தட்டுங்கள். நல்ல தகரம் கணீரென்று சொல்லும். பட்டி பூசிய இடம் பரங்கிக்காயைத் தட்டினாற்போல் மொத்தென்று சொல்லும். பெயிண்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் காட்டும் கருவியும் இப்போது கிடைக்கிறது. ஆயிரம் மைக்ரானுக்கு மேல் காட்டினால், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏதோ அப்பியிருக்கிறார்கள் என்று பொருள். கொஞ்சம் பட்டி எல்லாப் பழைய காரிலும் இருக்கும். அதற்காகச் சண்டை பிடிக்காதீர்கள். ஓரத்திலும் மூட்டிலும் இருக்கும் பட்டிதான் சந்தேகத்துக்குரியது.

காலை வெயிலில் பாருங்கள். சாயங்காலம் வாருங்கள் என்று விற்பவர் சொன்னால், எனக்குச் சாயங்காலம் கண் சரியாகத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். அப்போதுதான் கழுவி நனைந்திருக்கும் காரையும் பார்க்காதீர்கள். ஈரம் பட்டால் எந்தப் பெயிண்டும் பளபளக்கும்.

வெளியே பார்த்தாயிற்றா? உள்ளே வாருங்கள். கார்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ஒட்டியிருக்கிறது, தூக்க முடியாது என்றால், தூக்கும் வரையில் அங்கேயே நில்லுங்கள். தரைத் தகட்டைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். டிக்கியில் ஸ்டெப்னி படுத்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். தண்ணீர் போய்ச் சேருகிற இடம் அது. ஹெரால்டில் பானெட் முழுவதும் முதலை வாய் மாதிரி முன்பக்கமாகத் திறந்துகொள்ளும். அதனால் முன்பகுதிச் சட்டத்தை நின்றபடியே பார்க்கலாம். பாட்டரி உட்காரும் பெட்டியில் கையை விட்டுத் தடவுங்கள். வருஷக்கணக்காக ஆஸிட் கசிந்து அரித்திருக்கும்.

சென்னை வண்டி என்பதால் இன்னொன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எத்தனையோ கார்கள் முங்கிக் கிடந்தன. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் அதே கதை. ஸீட்டின் அடி ஸ்பிரிங்கிலும் டாஷ்போர்டின் பின்புறத்து போல்ட்டுகளிலும் துரு ஒரே மட்டத்துக்கு ஏறி நின்றிருக்கிறதா, மூலைமுடுக்குகளில் வண்டல் காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெளியே கழுவிவிடலாம், பெட்டி போல் மூடிக் கிடக்கும் இடங்களுக்குள் போன சேறு அங்கேயேதான் இருக்கும்.

இப்போது முக்கியமான கட்டம். வண்டியின் அடி. இதை வீட்டு வாசலில் பார்க்க முடியாது. அருகிலிருக்கும் ஒர்க்‌ஷாப்பில் பள்ளத்தின் மேலோ லிப்டிலோ ஏற்றச் சொல்லுங்கள். ஆகும் பணத்தை நீங்களே கொடுத்துவிடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் காருக்கடியில் தலையை நீட்டாதீர்கள். இதை மூன்று தடவை சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெரால்டில் நடுவே இரண்டு நீளச் சட்டங்கள் ஓடும். அவற்றிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டினாற்போல் தாங்கிகள் புறப்பட்டு உடம்பைச் சுமக்கும். சக்கரம் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் இந்தக் கைகளின் மேல்தான் விழுகின்றன. முதலில் உளுத்துப் போவதும் இவைதான். திருப்புளியால் குத்திப் பார்க்கலாமா என்று சொந்தக்காரரைக் கேளுங்கள். அவருடைய வண்டி, கேட்பது மரியாதை. நல்ல இரும்பு திருப்புளியைத் திருப்பி அனுப்பும். உளுத்த இரும்பு பிஸ்கோத்து மாதிரி உள்ளே வாங்கிக்கொள்ளும். தாங்கி ஒன்றிரண்டு போயிருந்தால் டிங்கர் புதிதாகச் செய்து வெல்டிங் வைத்துவிடுவார்; விலையைக் குறைத்துக் கேட்கலாம். நீளச் சட்டமே அரித்திருந்தால் பேரம் பேச வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். அடிப்புறம் முழுக்கப் புதுத் தார் மணக்கிறதா? அவசர அவசரமாக எதையோ மூடியிருக்கிறார்கள். மொபைல் போனில் மாட்டும் மெல்லிய ஒயர் காமிரா ஒன்றைத் துவாரத்தின் வழியாகச் சட்டத்துக்குள்ளே செலுத்தினால் உட்புறமும் தெரியும். பேரனைக் கூட அழைத்துப் போங்கள். இந்த வேலையில் அவனுக்குக் குஷி பிறக்கும்.

ஃபியட்டோ அம்பாஸடரோ பார்க்கிறவர்கள் ஸ்பிரிங் பட்டையின் இரண்டு முனைகளும் உடம்பில் பிடித்திருக்கும் இடங்களைப் பார்க்க வேண்டும். பிறகு ஒரு பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். தரையில் நின்றபோது சுகமாக மூடிய கதவு, தூக்கியதும் இடித்தால் முதுகெலும்பு வளைகிறது என்று அர்த்தம். எந்தக் காரானாலும் பிரேக் குழாய் அடியிலேதான் ஓடுகிறது. அது சொரசொரவென்று துருவேறியிருந்தால், வாங்கிய மறுநாளே மாற்றிவிட்டுத்தான் வீட்டுப் பெரியவர்களை ஏற்ற வேண்டும்.

கடைசியாகச் சேஸிஸ் நம்பர். ஆர்.ஸி. புத்தகத்தில் உள்ளதோடு வண்டியில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். ஐம்பது வருஷம் தாண்டிய கார்களுக்கு 2021-ல் மத்திய சர்க்கார் தனி விதி கொண்டுவந்தது. பதிவுக்கு இருபதாயிரம் ரூபாய். பத்து வருஷம் செல்லும். ஆனால் சேஸிஸையோ உடம்பையோ பெரிதாக மாற்றிய வண்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. அப்படிப் பதிந்த வண்டியை நித்தியப்படி ரோட்டில் ஓட்டவும் கூடாது. ஞாயிறுதோறும் முக்கொம்பு என்றால் பழைய பதிவைப் புதுப்பித்துக்கொள்ள முடியுமா என்று ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள். நம்பர் இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தாலோ, புதிதாகப் பொறித்தது போல் தோன்றினாலோ, அட்வான்ஸ் என்று ஒரு ரூபாய் கூடக் கொடுக்காமல் அன்றைக்கே திருச்சி பஸ் ஏறிவிடுங்கள்.