பாறை பஞ்சு இல்லை

கீழே சூடு இருக்கு, தண்ணியை உள்ளே விட்டா ஆவியா மேலே வரும், மின்சாரம் ரெடி. 2021-இல் லடாக்கின் பூகாவில் புவிவெப்ப மின்சாரத்துக்கு ஓஎன்ஜிசி ஒப்பந்தம் போட்டதிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பூகாவிலாவது வெந்நீர் ஊற்று தானாகவே கொதிக்கிறது. எந்தச் சூடான பாறையிலும் இது நடக்கும் என்று இப்போது கம்ப்யூட்டர் மாடல் காட்டுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று வழவழவென ஒரு படம். அந்த வழவழப்பு பொய்.

நான் திருத்தணிக்காரன். எங்க பக்கம் கெட்டிப்பாறை. ஒருத்தர் நிலத்துல போர் போட்டா தண்ணி பீறிடும். வரப்பு தாண்டி அடுத்தவர் அதே ஆழம் போனாலும் புழுதிதான் பறக்கும். தண்ணி ஓடுவது விரிசலில். அதுவும் ஒன்றோடொன்று சேர்ந்த விரிசலில். (1960-இல் எங்களைத் தமிழ்நாட்டோடு சேர்த்துக் கோடு போட்டார்கள். விரிசல் அதைக் கேட்டா ஆந்திரா பக்கம் போகுது?)

படம் வழவழவென்று வரக் காரணம், பாறை முழுக்கத் தண்ணி சமமாக ஊறும் என்று சராசரி போடுவது. 1856-இல் டார்சி வெளியிட்ட விதி மணலுக்கு அருமை. ஆனால் விரிசலின் இடைவெளி இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்கு. நூறு விரிசல் இருந்தாலும் ரெண்டு மூணே பெரும்பங்கைக் கொண்டுபோய்விடும். அந்த வழி மட்டும் சீக்கிரம் ஆறும். ஆறிய பாறை சுருங்கும், விரிசல் அகலும், இன்னும் தண்ணி அங்கேயே பாயும். மிச்சப் பாறை சூட்டோடு சும்மா கிடக்கும். சராசரி போட்ட படத்தில் இது எதுவும் தெரியாது.

அமெரிக்காவின் ஃபென்டன் ஹில்லில் லாஸ் அலமோஸ் ஆய்வகம் 1983 டிசம்பரில் 21,000 கன மீட்டர் அளவுக்குத் தண்ணீரை அழுத்திச் செலுத்தியது. பிளவு எதிர்பார்த்த திசையில் போகவில்லை, பக்கத்துக் கிணற்றைத் தொடவுமில்லை. கடைசியில் நுண்ணதிர்வு காட்டிய இடத்துக்குக் கிணற்றையே திருப்பித் துளைத்தார்கள். தென்கொரியாவின் போஹாங் கதை இன்னும் மோசம். 2017-இல் அங்கே 5.5 அளவில் நிலநடுக்கம். புவிவெப்பக் கிணற்றில் செலுத்திய தண்ணீரே தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019-இல் சொன்னது.

மாடலே வேண்டாம்னு சொல்லலை. ஒரே படம் காட்டாதீங்கன்னுதான் சொல்றேன். விரிசலை நூறு விதமாகப் போட்டு, நூறு விடையையும் காட்டுங்க. சாயம் கலந்து விட்டு, அது அடுத்த கிணற்றில் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்று சொல்லுங்க. எங்க ஊர்ல தேங்காய் வச்சு நீரோட்டம் பார்க்கிறவர்கூட, போர் பொய்த்தால் அந்தத் தெருப் பக்கம் வரக் கூச்சப்படுவார். நீங்கள் தவறிப்போன கிணற்றின் கணக்கையும் வெளியே வையுங்கள், அடுத்த கிணறு தோண்டும் முன்னால்.