வேர்க்கிற முகத்துக்கும் ஈரம் வேண்டும்

"எண்ணெய் வழியிற மூஞ்சிக்கு எதுக்கும்மா க்ரீமு? இன்னும் பருதான் வரும்." புதுக்கோட்டையில் பஸ் ஏறி அன்னவாசல், சித்தன்னவாசல் வரைக்கும் எந்த ஃபேன்சி ஸ்டோரில் நின்று மாய்ஸ்சரைசர் கேட்டாலும், ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு இந்தப் பதில்தான் கிடைக்கும். கடைக்காரர் சொல்வதை வீட்டில் அம்மாவும் சொல்கிறார். பக்கத்து வீட்டு அத்தை அதை வழிமொழிகிறார். கூடவே இன்னொன்றும் வந்து சேரும்: "நம்ம ஊரு வெயிலுக்கு வேர்த்து ஊத்துது, இதுல ஈரம் வேறயா? அதெல்லாம் ஊட்டி, கொடைக்கானல்காரங்களுக்கு." இரண்டு பேச்சுமே தவறு. சின்னத் தவறு என்று விட்டுவிடவும் முடியாது. பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் தங்கள் முகத்தைத் தாங்களே புண்ணாக்கிக்கொள்வதற்கு இந்தப் பேச்சு பாதி காரணம்.

வேர்வை தோலின் ஈரம் அல்ல. உடம்புச் சூட்டைத் தணிக்க உள்ளிருந்து வெளியே தள்ளப்படும் உப்புத் தண்ணீர் அது. வந்த வேகத்தில் காற்றோடு போய்விடும். உப்பு மட்டும் தோலில் தங்கும். தோலுக்கு வேண்டிய நீர் இருக்கும் இடமே வேறு. மேல்தோலின் வெளி அடுக்கு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குகூடத் தேறாத மெல்லிய படலம். தட்டையான இறந்த செல்கள் அங்கே செங்கற்களாக அடுக்கப்பட்டிருக்க, செராமைடும் கொலஸ்ட்ராலும் கொழுப்பு அமிலங்களும் இடையில் சாந்தாக நிற்கின்றன. பீட்டர் எலியாஸ் என்ற அமெரிக்கத் தோல் ஆய்வாளர் 1980-களில் பரவலாக்கிய விளக்கம் இது. இன்றும் தோல் மருத்துவ வகுப்புகளில் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். செங்கலுக்குள்ளே அமினோ அமிலம், யூரியா, லாக்டிக் அமிலம் முதலியவை நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. அந்த நீர் குறைந்தாலோ, சாந்து கரைந்தாலோ தோல் வறளும். மேலே எவ்வளவு வேர்வை வழிந்தாலும் வறளும்.

சரி, எண்ணெய்? அது மயிர்க்கால் ஓரத்துச் சுரப்பிகளிலிருந்து வருவது. ஹார்மோன்கள் சொல்படி சுரப்பது. அதனால்தான் வயதுக்கு வரும் காலத்தில் கூடுகிறது. தோலின் மேலே படருமே தவிர, உள்ளே இருக்கும் சாந்தின் வேலையை அது செய்யாது. ஆகவே ஒரே முகத்தில் நெற்றியும் மூக்கும் பளபளக்கும். கன்னமும் உதட்டோரமும் வறவறவென்று இழுக்கும். இதை நோயென்று நினைக்க வேண்டாம். நம்மில் பலருக்கும் வாய்த்திருக்கும் சாதாரணத் தோல் இதுதான். "க்ரீம் போட்டால் எண்ணெய் சுரப்பது நின்றுவிடும்" என்று விளம்பரத்தில் சொல்வதும் உண்மையில்லை. போட்டாலும் போடாவிட்டாலும் சுரப்பி தன் பாட்டுக்குச் சுரக்கும். மாய்ஸ்சரைசரின் வேலை சாந்தைக் காப்பது. அந்த ஒரு வேலைக்காகவே அது வேண்டும்.

"வெயில் ஊர்" என்ற வாதத்துக்கு வருகிறேன். சித்தன்னவாசல் கடற்கரை ஊர் அல்ல. சித்திரை வைகாசியில் மதியம் குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டம் குகைக்கு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாறை சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும். ஆனியிலும் ஆடியிலும் மேற்கே மழையைக் கொட்டித் தீர்த்துவிட்டு வரும் காற்று இந்தப் பக்கம் காய்ந்த காற்றாகவே வீசுகிறது. காற்று எவ்வளவு காய்கிறதோ அவ்வளவுக்குத் தோலிலிருந்து நீர் வெளியேறும். குளிர் ஊரில் தோல் வறள்வதற்குச் சொல்லப்படும் காரணமும் காய்ந்த காற்றுதான். அதே காற்று வெயிலோடு சேர்ந்து வந்தால் மட்டும் தோலுக்குக் கேடு செய்யாது என்பது என்ன நியாயம்?

கோடையில் சுற்றுலா வந்து மலையிறங்கும் பிள்ளைகளின் முகத்தைக் கொஞ்சம் கிட்டே பார்த்தால் போதும். நெற்றியில் எண்ணெய், மூக்கின் இரு ஓரமும் வெள்ளை வெள்ளையாகச் செதில். காலையில் அப்பிய பவுடர் அந்தச் செதிலில் ஒட்டிக்கொண்டு திட்டுத்திட்டாக நிற்கும். தாடையில் நான்கைந்து பரு, அதில் ஒன்று கிள்ளிச் சிவந்திருக்கும். கேட்டால், "எண்ணெய் முகம் அக்கா, ஒரு நாளைக்கு நாலு தடவ சோப்புப் போட்டுக் கழுவுறேன்" என்பார்கள்.

கேடு அந்த நாலு தடவையில்தான் இருக்கிறது. தோலின் மேற்பரப்பு லேசான புளிப்புத் தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு ஏறக்குறைய 5. குளியல் சோப்பு பெரும்பாலும் 9, 10. தேய்க்கத் தேய்க்க எண்ணெயோடு சாந்தும் கரைந்து போகிறது. எண்ணெய் சில மணி நேரத்தில் திரும்பிவிடும். சாந்து கட்டி எழும்ப நாளாகும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் இன்னொரு தொல்லை. தண்ணீரிலுள்ள கால்சியமும் சோப்பும் சேர்ந்து கரையாத கசடாகித் தோலிலேயே தங்கும், தோலை உறுத்தும். வாளியின் உள்பக்கம் படிந்து கிடக்கும் வெள்ளைக் கறையில் இந்தக் கசடும் உண்டு. இவ்வளவும் போதாதென்று எலுமிச்சைச் சாறு. அதன் பி.எச். 2-ஐ ஒட்டியது. பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் வெந்து, கறுத்த திட்டு மாதக்கணக்கில் நிற்கும். இருக்கிற கொஞ்ச ஈரத்தையும் முல்தானி மட்டி உறிஞ்சிவிடும். இத்தனையும் செய்துவிட்டு, "எனக்கு எது போட்டாலும் எரியுது, சென்சிட்டிவ் ஸ்கின்" என்று சொல்லும் பிள்ளைகளில் பலர் பிறவியிலேயே அப்படி இருந்தவர்கள் இல்லை.

"நான் போட்டுப் பார்த்தேன், பரு வந்தது" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் போட்டது என்ன என்றுதான் கேட்க வேண்டும். நம் ஊர்க் கடைகளில் பல காலமாக மாய்ஸ்சரைசர் என்றால் மார்கழிக் குளிருக்கு வரும் கோல்ட் க்ரீம். மெழுகும் எண்ணெயும் கூடுதலாகச் சேர்த்த கனமான பூச்சு அது. வடநாட்டுக் குளிருக்குப் பொருந்துவதை ஒரு பதினெட்டு வயதுப் பெண் மே மாதத்தில் அப்பினால் துவாரம் அடைக்கத்தான் செய்யும். வேறு சிலருக்குத் தேங்காய் எண்ணெய். கைகால் வறட்சிக்கு, குழந்தைகளின் கரப்பானுக்கு அது நல்ல பொருள். பரு வரும் முகத்துக்கு ஆகாது. 1970-இல் ப்ளூவிக், ஃபுல்டன், க்ளிக்மன் என்ற மூன்று தோல் மருத்துவர்கள் தலைக்குப் பூசும் எண்ணெய்ப் பூச்சுகளால் நெற்றியில் வரும் பருக்களைத் தனி வகையாகவே எழுதி வைத்தார்கள். ராத்திரி தலைக்கு எண்ணெய் வழிய வைத்துப் படுத்து, காலையில் நெற்றியோரம் பொடிப்பொடியாக எழும்பியதற்கு, நேற்று வாங்கிய க்ரீமைப் பழி சொல்லும் வீடுகள் எத்தனை!

ஆகவே கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். போடலாமா என்பதை விட்டுவிட்டு, எதைப் போடலாம் என்று கேட்போம்.

முதலில் தன் தோலைத் தானே பார்த்துக்கொள்ளலாம். காரமில்லாத ஃபேஸ் வாஷில் கழுவி, ஒத்தித் துடைத்து, எதுவும் பூசாமல் அரை மணி நேரம் இருந்தால் போதும். முழு முகமும் இழுத்தால் வறண்ட தோல். நெற்றியும் மூக்கும் மட்டும் மினுங்கினால் கலப்பு. எங்கும் மினுங்கி, எங்கும் இழுக்காமல் இருந்தால் எண்ணெய்த் தோல். அந்தக் கடைசி வகைக்காரர் ஐப்பசி மழையில் காற்றே ஈரமாக இருக்கும்போது ஒன்றும் போடாமல் விடலாம், குற்றமில்லை. மற்ற மாதங்களில் அவருக்கும் லேசான ஒன்று உதவும்.

லேசானது என்றால் ஜெல் அல்லது நீர்த்த லோஷன். டியூபைத் திருப்பிப் பின்பக்கம் படியுங்கள். சேர்மானங்களை அளவு குறைந்துகொண்டே போகும் வரிசையில்தான் எழுதுவார்கள். முதல் ஐந்தாறு பெயரே முக்கால் கதையைச் சொல்லிவிடும். தண்ணீருக்கு அடுத்து கிளிசரின் இருந்தால் நல்லது. 1779-இல் ஷீலே என்ற ஸ்வீடன் வேதியியலாளர் கண்டெடுத்த இந்தச் சாதாரணப் பொருளை மிஞ்சி நீரைப் பிடித்து வைக்கும் மலிவான சரக்கு இன்றும் அதிகமில்லை. டைமெதிகோன் என்ற சிலிகான் இருந்தால், பிசுபிசுக்காமல் மேலே படலம் கட்டி நீர் போவதைக் குறைக்கும். செராமைடு சாந்துக்கே உதவும். நியாசினமைடு எண்ணெய் முகத்துக்கும் ஒத்துப்போகிற வைட்டமின். மாறாக, தேங்காய் எண்ணெய், கோகோ வெண்ணெய், மெழுகு என்று மேல்வரிசையிலேயே நின்றால், பரு வருகிறவர் அதைக் கடையிலேயே வைத்துவிடலாம். வறண்ட தோலுக்குக் கனமானவை ஆகும். நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் பலருக்கு அவைதான் வேண்டியிருக்கும். வாசனை சேர்க்காதது எல்லோருக்குமே பத்திரம்.

ஹயலுரானிக் அமிலத்துக்காக ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் திடமான கருத்து. தன் எடையைப் போல ஆயிரம் மடங்கு நீரைப் பிடிக்கும் என்ற விளம்பரம் மிகை. நல்ல பொருள்தான், ஆனால் நூறு, இருநூறு ரூபாய் கிளிசரின் லோஷன் செய்யாத அற்புதம் எதையும் அது செய்துவிடாது. "துவாரம் அடைக்காது" என்று டப்பாவில் எழுதுவதற்கும் கறாரான சட்ட அளவுகோல் இல்லை. அந்த வாசகத்தை நம்புவதைவிட, காதோரத் தாடையில் ஒரு வாரம் பூசிப் பார்ப்பது மேல். கழுவி ஈரம் முழுக்கக் காயும் முன்னே பட்டாணி அளவு பூசினால் போதும்.

இன்னொரு தடையும் இருக்கிறது, அது அறிவியல் சம்பந்தப்பட்டதல்ல. "காட்டு வேலைக்குப் போறவளுக்கு எதுக்கு மினுக்கு?" முகத்துக்கு எதையாவது பூசினாலே பகட்டு என்று ஒரு தீர்ப்பு. இதற்குப் பதில் சித்தன்னவாசலிலேயே இருக்கிறது. அங்கே குன்றின் மேலே பதினேழு கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றில் படுத்த சமணத் துறவிகள் உடம்பைப் பேணுவதையே விட்டவர்கள்; அது அவர்கள் தாமாக எடுத்த நோன்பு. அதே குன்றின் மேற்குச் சரிவில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்த அறிவர் கோயிலில், ஓவியர்கள் அணிகலன் பூண்ட ஆடல் மகளிரை அவ்வளவு அன்போடு தீட்டியிருக்கிறார்கள். துறவும் அழகும் ஒரே குன்றில் இருக்க இடம் இருந்திருக்கிறது. நூறு நாள் வேலையில் வெயிலில் மண் வெட்டுகிற பெண்ணின் கன்னம் வெடிப்பது நோன்பும் இல்லை, அவள் அதைக் கேட்டு வாங்கியதும் இல்லை. காலில் பித்த வெடிப்புக்கு மருந்து வாங்கினால் யாரும் பகட்டு என்று சொல்வதில்லை. முகம் வெடித்தால் மட்டும் ஏன் சொல்ல வேண்டும்?

இந்தத் தீர்ப்பு செய்யும் பெரிய கேடு, முகத்துக்குப் பூசுவது என்றாலே வெள்ளையாவதற்கு என்று ஆக்கிவிட்டதுதான். 1975-இல் சந்தைக்கு வந்த ஒரு க்ரீம் 2020-இல்தான் தன் பெயரிலிருந்து ‘ஃபேர்’ என்பதை எடுத்தது. அந்த நாற்பத்தைந்து ஆண்டுப் பாடம் நம் வீடுகளில் இன்னும் அழியவில்லை. சின்ன ஊர்ப் பெட்டிக்கடையிலும் வெளுப்பாக்கும் க்ரீம் பாக்கெட் சரம் தொங்குகிறது. வாசனையில்லாத ஜெல் கேட்டால் டவுனுக்குப் போகச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில் ஸ்டீராய்டு கலந்த டியூப்கள் புகுந்துவிட்டன. போட்ட வாரத்தில் முகம் தெளிந்து மினுங்கும், மாதங்கள் போனால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் ரோமமும் கூடும், நிறுத்தினால் எரியும். ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு 2018-இல் சேர்த்தும், கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. 2023-இல் கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள், வெளுப்பு க்ரீம்களில் இருந்த பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுத்ததைக் கண்டு எச்சரித்தார்கள். மாய்ஸ்சரைசரை வேண்டாத பொருள் என்று ஒதுக்குகிற அதே வீடு, இவற்றை மகளின் கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்னால் தானே வாங்கிக் கொடுக்கிறது.

மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. பருவுக்கு அடாபலீன் ஜெல் எழுதித் தருகிறார்கள், சரியான மருந்து. ஆனால் முதல் சில வாரங்களில் அது தோலை உரிக்கும், எரிக்கும். பலன் முழுதாகத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், பத்தாம் நாள் அந்தப் பிள்ளை, "டாக்டர் குடுத்தது ஒத்துக்கல" என்று டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி சோப்புக்கும் எலுமிச்சைக்கும் போகும். பரு ஆறாமல் குழியாக நிற்கும். அதே சீட்டில் இரண்டாவது வரியாக ஒரு லேசான மாய்ஸ்சரைசரை, விலை குறைந்த ஒன்றின் பெயரோடு, எழுதித் தாருங்கள். காலையிலும் ஜெல்லுக்கு முன்னும் பூசச் சொல்லுங்கள். கூட வந்திருக்கும் அம்மாவிடம், எண்ணெய் முகத்துக்கும் இது வேண்டும் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். கடைக்காரர் சொன்னதை நம்புகிறவர் டாக்டர் சொன்னால் கட்டாயம் நம்புவார்.