ஆற்றங்கரை யாருக்குச் சொந்தம்?

கரை வரை நிலம் தோட்டக்காரருடையது. அங்கே செம்பனை நடுவது அவர் உரிமை. மின்மினிக்காக அவர் ஏன் நட்டப்பட வேண்டும்? சிலாங்கூர் ஆற்றோரம் ராசா முதல் கோலசிலாங்கூர் வரை கேட்கும் வாதம் இது. உரிமை உண்மைதான். மற்றவை நிற்காது.

ஒன்று: மின்மினி ஒளிர்வது கரையோரப் பெரெம்பாங் மரத்தில். அதன் புழு வளர்வதோ மரத்துக்குப் பின்னாலுள்ள ஈரமண்ணில், நத்தைகளைத் தின்று. அந்த மண்ணைச் செம்பனைக்காகத் திருத்திவிட்டு மரத்தை மட்டும் விட்டுவைத்தால் எது மிஞ்சும்?

இரண்டு: நட்டம் ஒருவருக்கு மட்டுமா? கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருவோரை ஏற்றி இரவில் சம்பான் துடுப்புப் போடுகிறவர்களின் பிழைப்பு அந்த ஒளிதான்.

மூன்று: மீனவர்கள். ஆற்றின் ஊடாங் காலா இறால் நன்னீரில் வளர்கிறது; முட்டை பொரிக்கக் கழிமுக உவர்நீருக்கு இறங்குகிறது, குஞ்சுகள் மீண்டும் மேலேறுகின்றன. தோட்டத்து மருந்தும் உரமும் வாய்க்கால் வழியே இந்த ஆற்றில்தான் கலக்கின்றன. எல்லைக்கல் அவற்றைத் தடுக்குமா?

மின்மினி வாழும் கரையை 2009இல் மாநில அரசு பாதுகாப்பு மண்டலமாக அறிவித்தது. அறிவிப்பு மட்டும் போதாது. கரையோரத் துண்டை அரசு நியாய விலைக்கு வாங்க வேண்டும், அல்லது குத்தகைக்கு எடுக்க வேண்டும். செம்பனையை ஏறத்தாழ 25 ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்கிறார்கள். அந்தச் சமயத்தில் கரையோர வரிசைகளை நடாமல் விடலாம்.