ரூட் செய்த போனுக்கும் வாரண்டி உண்டு

போனை ரூட் செய்தவர், அதாவது அதன் மென்பொருளின் முழுக் கட்டுப்பாட்டையும் தன் கையில் எடுத்துக்கொண்டவர் என்று தெரிந்ததும், ஸ்பீக்கர் பழுதுக்குக்கூட சர்வீஸ் சென்டர் கைவிரிப்பது அநியாயம்.

சாம்சங் கேலக்ஸி போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு உண்டு. அங்கீகாரமில்லாத மென்பொருளை ஏற்றினால் சிப்பிலுள்ள நுண் ஃப்யூஸ் ஒன்று நிரந்தரமாக எரிந்துவிடும். பழைய மென்பொருளையே திரும்ப ஏற்றினாலும் தடயம் அழியாது. மென்பொருள் மாறியதற்குத்தான் அது சாட்சி, சார்ஜிங் போர்ட் கெட்டதற்கு அல்ல.

அப்படியானால் பழுதின் காரணத்தை யார் நிரூபிப்பது? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஓராண்டுக்குள் தெரியவரும் குறை விற்றபோதே இருந்ததாகக் கருதப்படும். இல்லையென்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு.

பிராசஸரை அளவுமீறி ஓட்டிக் கெடுத்தவர் இலவசப் பழுதுநீக்கம் கேட்க முடியாதுதான். மற்றவர்களைத் தண்டிக்கலாகாது, ஐரோப்பிய விதியை இந்தியாவும் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். அதுவரை, மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யுங்கள்.